மனைத் தோட்டம்

மனையை ஒட்டிய தோட்டத்தை நாம் கொல்லை என்றும், புழைக்கடை என்றும் வழங்குகின்றோம். பண்டைத் தமிழ் நூல்களில் தோட்டத்திற்குப் படப்பை என்பதும் ஒரு பெயர். பெயர் பலவாயினும் பொருள் ஒன்றே. அடுக்களையில் அரிசி களைந்த நீர் வீணாகாமல் சென்று சேரும் இடம் அது. குழம்பு கொதிக்கும்போதே இல்லத்தலைவி எழுந்து சென்று நான்கு கத்தரிக்காய் பறித்து வரும் இடம் அது. ஒரு முருங்கை மரமும், ஓர் அவரைப் பந்தலும், நான்கு கத்தரிச் செடியும், ஒரு பாத்தி கீரையும் உள்ள வீட்டில் 'இன்று காய் இல்லை' என்னும் சொல் எழுவது அரிது.

1965-ஆம் ஆண்டில் நம் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு மிகுந்தது. அப்போது தலைமை அமைச்சராய் இருந்த லால் பகதூர் சாஸ்திரியார், வாரத்தில் ஒருவேளை உணவைக் கைவிடுமாறு மக்களை வேண்டினார். புது தில்லியில் தாம் குடியிருந்த மாளிகையின் புல்தரையை உழுது பயிரும் செய்தார். பிறர்க்குச் சொல்வதைத் தாமே முதலிற் செய்து காட்டினார் அப்பெருமகனார்.

இச்செய்தியை நான் வகுப்பில் மாணவர்க்குப் பன்முறை எடுத்துரைத்ததுண்டு. ஆயின், அந்நாளில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு செடியும் இல்லை. அக்குறையை எனக்கு நன்கு உணர்த்தியவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன். அவ்வரலாற்றை இங்கே கூறுகின்றேன்.

எங்கள் ஊர் தஞ்சை நாட்டில் காவிரியின் கிளையாறு ஒன்றன் கரையில் உள்ளது. மனைத் தோட்டம் போடுவோர் சிலர் ஆனித் திங்களின் இறுதி ஞாயிறன்று ஊர் நூல்நிலையத்தில் ஒன்றுகூட விரும்பினர். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது பழமொழி. விதைப்பதற்கு முன் ஒருவர் மற்றவரை அறிந்து, கைவசமுள்ள விதைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்னும் ஒரே காரணத்தால் என்னைத் தலைமை தாங்குமாறு அழைத்தனர். நானும் ஒப்பினேன்.

ஏறத்தாழ இருபது பேர் வந்திருந்தனர். நூலகர் எழுந்து, "இங்கு வந்துள்ளோர் ஒவ்வொருவரும் தம்மையும் தம் தோட்டத்தையும் அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். தோட்டத்தின் அளவு, மண், விளையும் காய் ஆகியவற்றைக் கூறுக. அவற்றோடு, தாம் இழந்தது ஒன்றையும் மறையாது கூறுக. விளைந்ததைக் கேட்டால் மகிழ்ச்சி உண்டாகும், இழந்ததைக் கேட்டால் அறிவு உண்டாகும்" என்றார். அவ்விதி எல்லார்க்கும் உடன்பாடாயிற்று.

முதலில் எழுந்தவர் அஞ்சல் கொண்டுதரும் பணியில் முப்பதாண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவர். "என் கொல்லை இரண்டு சென்டு. நான் கத்தரிக்காய்க்காரன். நாற்றங்காலில் விதைத்து, முப்பது நாள் நாற்றைப் பறித்து நடுவேன். முதல் இரண்டாண்டுகள் நன்கு காய்த்தது. மூன்றாம் ஆண்டும் அதே பாத்தியில் கத்தரியே நட்டேன். பூக்கும் பருவத்தில் செடிகள் ஒவ்வொன்றாய் வாடி வீழ்ந்தன. நீர் போதாமையால் வாடுகின்றன என்று எண்ணி, மேலும் மேலும் நீர் பாய்ச்சினேன்; அதனால் கேடு மிகுந்தது. ஒரே பயிரை ஒரே இடத்தில் இட்டால் அப்பயிர்க்குரிய நோய்க்கிருமிகள் மண்ணில் தங்கிப் பெருகும் என்பதைப் பின்னரே அறிந்தேன். கத்தரிக்குப் பின் தக்காளியோ மிளகாயோ வைப்பினும் பயனில்லை. அவை மூன்றும் ஒரே குடும்பத்துச் செடிகள். இப்போது கத்தரிக்குப் பின் கீரையோ அவரையினமோ விதைக்கின்றேன்" என்றார்.

அடுத்து, வேதாரணியத்தை அடுத்த கடற்கரைச் சிற்றூரில் பிறந்து, எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்ட அம்மையார் ஒருவர் பேசினார். "என் பிறந்தகத்து மண் மணல். விட்ட நீர் நொடியில் கீழே இறங்கிவிடும். ஆதலின் மக்கிய சாணத்தை நிரம்பக் கலந்து, காலையிலும் மாலையிலும் சிறிது சிறிதாக நீர் வார்ப்போம். இவ்வூர்க்கு வந்தபின்பும் அவ்வாறே செய்தேன். இங்கோ மண் களி. நீர் இறங்காமல் தேங்கிற்று. வேர் அழுகி, நான் வைத்த வெண்டையும் மிளகாயும் ஒரு திங்களில் மடிந்தன. என் மாமியார் ஒருநாள் என் கையைப் பிடித்துச் செடியின் அடியில் வைத்து, 'விரலை உள்ளே விட்டுப் பார், பெண்ணே. ஈரம் தட்டினால் நீர் விடாதே' என்றார். அன்று முதல் விரலைக் கேட்டே நீர் விடுகின்றேன்" என்று கூறி அமர்ந்தார்.

மூன்றாமவர் சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வாழும் இளம்பெண். விடுமுறைக்குத் தாய்வீடு வந்திருந்தார். "எனக்கு மண்ணே இல்லை. என் தோட்டம் ஐந்தாம் மாடியின் மேல் தளத்தில் உள்ளது. 2013-ஆம் ஆண்டில் அரசினர் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத்திற்கு வேண்டும் பைகளும் விதைகளும் மானிய விலையில் வழங்கத் தொடங்கினர். அவற்றைக் கொண்டே எங்கள் குடியிருப்பில் பலர் இம்முயற்சியில் இறங்கினோம். தளம் சுமை தாங்க வேண்டுமாதலின், மண்ணைக் குறைத்து, தென்னைநார்க் கழிவையும் மக்கிய உரத்தையும் கலந்து பைகளில் இடுவோம். கீரை எளிதில் வந்தது. முளைக்கீரையை நான்கு வாரத்திற்குள் பறித்தேன். ஆனால் பரங்கிக்கொடி மட்டும் என்னை ஏய்த்தது. மஞ்சள் பூக்கள் நிறையப் பூத்தன. பிஞ்சுகளோ பழுத்து உதிர்ந்தன. மூன்று திங்கள் பூவைக் கண்டு மகிழ்ந்தேனேயன்றி, ஒரு காயையும் கண்டிலேன்" என்றார்.

அவர் மேலும் விளக்கினார். பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் சிறு காய் போன்ற ஒரு பகுதி இருக்கும். ஆண்பூவிற்கு வெறுங்காம்பே உண்டு. ஆண்பூவின் மகரந்தத்தைத் தேனீக்கள் பெண்பூவிற்குக் கொண்டு சேர்த்தாலன்றிப் பிஞ்சு நிலைப்பதில்லை. உயர்ந்த மாடியின்மேல் தேனீக்கள் வரவில்லை. பரங்கிப்பூ விடியலில் மலர்ந்து நண்பகலுக்கு முன் கூம்பிவிடும். ஆதலின், காலையிலேயே ஆண்பூவைக் கொய்து, அதன் இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் தாமே தடவினார். அதன்பின் காய் நிலைத்தது. சுரையும் புடலும் மாலையில் மலர்வன; அவற்றிற்கு இத்தொண்டினை மாலையிற் செய்ய வேண்டும். அதுகாறும் பூவின் அழகையே பாடிவந்த நான், அதன் தொழிலை அன்று அறிந்தேன்.

பின்னர் எழுந்த தையற்காரர் சுருங்கச் சொன்னார். "என் வீட்டில் கிணறு இல்லை, குழாய் நீரும் ஒருவேளையே வரும். பாத்திரம் கழுவிய நீரே என் வாழைக்கும் சேம்புக்கும் பாய்கின்றது. முன்பு ஒரு பெரிய முருங்கை இருந்தது. முருங்கைக்கு மெல்லிய கட்டை என்பதை நினையாமல், கிளைகளை வெட்டாது வளரவிட்டேன். ஒரு புயலில் முரிந்து வீழ்ந்தது. இப்போது பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய செடிமுருங்கையை விதையிலிருந்து வளர்க்கின்றேன். ஆறேழு திங்களில் காய்த்துவிட்டது. இனித் தழையை அவ்வப்போது கழித்து, உயரத்தைக் குறைத்தே வைப்பேன்" என்றார்.

இவ்வாறு ஒவ்வொருவராய்ப் பேசி முடித்தனர். கடைசி வரிசையில், கதவோரமாக ஒரு சிறுவன் நின்றிருந்தான். எல்லாரும் அவனை நோக்க, அவன் தலைகுனிந்து, "என்னுடையதைத் தோட்டம் என்று சொல்லலாமா என்பது எனக்குத் தெரியவில்லை, ஐயா" என்றான். நூலகர், "செடி உண்டா, தம்பி?" என்று வினவினார். "உண்டு" என்றான். "அப்படியாயின் அது தோட்டமே. சொல்" என்றார் அவர்.

சிறுவன் சொன்னான்: "நாங்கள் வாடகைக்கு இருக்கும் ஓட்டு வீட்டிற்குக் கொல்லை இல்லை. ஒரு பழஞ்சாக்கும், ஓர் ஓட்டை வாளியும், விளிம்பு உடைந்த ஒரு மண்சட்டியுமே என் தோட்டம். வாளியில் மிளகாய், சட்டியில் கீரை. சாக்கில் சென்ற ஆடியில் இரண்டு அவரை விதைகளை ஊன்றினேன். கயிறு கட்டிக் கூரைமேல் ஏற்றினேன். ஆவணியில் கூரை முழுவதும் படர்ந்தது. ஆனால் ஒரு பூவும் இல்லை. புரட்டாசியிலும் இல்லை. 'இது மலட்டுக் கொடி, ஓட்டைக் கெடுக்கின்றது, அறுத்தெறி' என்று பக்கத்து வீட்டார் கூறினர். நானும் சினந்து ஒரு கொடியை அடியோடு அறுத்துவிட்டேன். மற்றதை அறுக்கப் போகும்போது அப்பாயி தடுத்துவிட்டார். 'பனி விழட்டும், பொறு' என்றார். கார்த்திகையில் அது கொத்துக்கொத்தாகப் பூத்தது. தை முடியும்வரை நாங்கள் காய் வாங்கவே இல்லை. நான் அறுத்த கொடியும் அப்படித்தானே காய்த்திருக்கும்? அதுவே என் இழப்பு. அந்தக் கொடி ஏன் அத்தனை நாள் பூக்கவில்லை என்பதை இங்கே யாராவது சொல்வார்கள் என்று வந்தேன்."

அவையில் தோட்டக்கலைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் இருந்தார். அவர் விடை கூறினார். "நல்ல கேள்வி, தம்பி. பந்தலில் ஏறும் பழைய அவரை வகைகள் பல, பகற்பொழுது குறைந்து இரவு நீண்டாலன்றிப் பூப்பதில்லை. நம் பகுதியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே. நம் கண்ணுக்குப் புலப்படாத அச்சிறு மாற்றத்தைக் கொடி தன் இலைகளால் அறிகின்றது. ஆடியில் விதைத்தாலும் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில்தான் அது அரும்பும். கொடி சோம்பியிருக்கவில்லை, தன் காலத்தை எதிர்நோக்கி உடலை வளர்த்துக்கொண்டிருந்தது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டுள்ள குத்தவரை வகைகள் பகலின் அளவைப் பாராமல் பூப்பன. அவற்றிற்குப் பந்தலும் வேண்டா. உன்னுடையது பழைய கொடியவரை, ஆதலின் காத்திருந்தது."

இதனைக் கேட்ட எனக்குக் குறுந்தொகைப் பாட்டு ஒன்று நினைவிற்கு வந்தது. தினை கொய்த புனத்தில் அவரைக்கொடி பூக்கும் பனிக்காலம் வந்துவிட்டது. வருவதாகச் சொன்ன தலைவர் வரவில்லையே என்று தலைவி தோழியிடம் வருந்துவதாக அமைந்த பாட்டு அது. அப்புலவர் வாளா ஒரு பூவின் பெயரைச் சொல்லவில்லை. அவரை பூப்பதே பனிக்காலத்தின் அறிகுறி என்பதைக் கொல்லையிற் கண்டு கூறினார். அப்பாட்டை நான் எத்தனையோ ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கின்றேன். அவரை ஏன் அப்பருவத்திற் பூக்க வேண்டும் என்று ஒருநாளேனும் கேட்டிலேன். சிறுவன் கேட்டான்.

நான் அவனை அருகில் அழைத்து, "அந்த அவரைக்குப் பெயர் உண்டா?" என்றேன்.

"உண்டு, ஐயா. வாத்தியார் வீட்டு அவரை என்று அப்பாயி சொல்வார். முன்னொரு காலத்தில் யாரோ ஒரு வாத்தியார் வீட்டம்மாள் அப்பாயியின் தோழிக்குக் கொடுத்தாராம். தோழியிடமிருந்து அப்பாயிக்கு வந்ததாம். எந்த வாத்தியார் என்பது எங்களுக்குத் தெரியாது" என்று கூறியவன், சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். பத்துப் பன்னிரண்டு விதைகள் இருந்தன. கருமையான விதை, ஓரத்தில் வெண்ணிறத் தழும்பு. "காய் அகன்றிருக்குமா? விளிம்பு ஊதாவாக இருக்குமா?" என்று கேட்டேன். "ஆம், ஐயா" என்றான்.

என் தந்தையாரும் ஆசிரியரே. அந்நாளில் எங்கள் தெருவில் வாத்தியார் வீடு என்றால் அது எங்கள் வீட்டையே குறிக்கும். அவ்வம்மாள் என் அன்னையார்.

தலைவர் என்னும் முறையில் இறுதியாக என்னை நான் அறிமுகம் செய்துகொள்ள வேண்டியிருந்தது. நூல்களிலிருந்து சில நல்ல செய்திகளைத் தொகுத்து எழுதிக் கொண்டுசென்றிருந்தேன். அத்தாளை மடித்து வைத்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

"என் கொல்லை நான்கு சென்டு. அது முழுவதும் சிமெந்துத் தளம். என் அன்னையார் அங்கே அவரைப் பந்தல் இட்டிருந்தார். கொடியில் முதலில் வரும் நல்ல காய்களைப் பறிக்கவிடமாட்டார். அவை விதைக்கு என்பார். காய் கொடியிலேயே முற்றிக் காய்ந்த பின் உரித்து, நிழலில் உலர்த்தி, வண்டு துளைக்காதவாறு சாம்பலிற் பிசறி, மண்கலயத்தில் இட்டு வாயைத் துணியால் கட்டிப் பரணில் வைப்பார். ஆண்டுதோறும் விதைப்பதற்கு முன் மூன்று வீட்டிற்காவது அவ்விதையைக் கொடுப்பார். 'நமக்குப் போதுமானதை வைத்துக்கொண்டு கொடுத்தால் ஆகாதா?' என்று நான் கேட்டதுண்டு. 'நம் கொடி பட்டுப்போனால் நாளை நாம் கேட்பதற்கு ஒரு வீடு வேண்டாமா?' என்பார். நான் அதனைக் கொடைக்குணம் என்று மட்டும் எண்ணியிருந்தேன். அவர் மறைந்தபின் வீட்டைப் புதுப்பித்தேன். பாம்பு வரும், சேறாகும் என்று சொல்லிப் பந்தலைப் பிரித்துத் தளமிட்டேன். கலயம் பரணிலேயே கிடந்தது. சில ஆண்டுகள் கழித்து அதனை இறக்கியபோது, உள்ளே இருந்தது வண்டு அரித்த பொடியே. அவ்விதை உலகில் இல்லாது ஒழிந்தது என்றே இன்று காலைவரை நினைத்திருந்தேன். இதுவே என் தோட்டம். இதுவே என் இழப்பு."

அவையினர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. சிறுவன் தீப்பெட்டியிலிருந்து நான்கு விதைகளை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தான். "தளத்தை இடிக்க வேண்டாம், ஐயா. ஒரு சாக்குப் போதும். ஆனால் புரட்டாசியில் பூக்கவில்லை என்று அறுத்துவிடாதீர்கள்" என்றான். எல்லாரும் சிரித்தனர், நானும் சிரித்தேன்.

அவன் சொன்னது போதாது என்று எனக்குத் தோன்றிற்று. மறுநாளே ஆளை அழைத்துக் கொல்லையின் ஒரு மூலையில் நான்கடிச் சதுரத்திற்குத் தளத்தைப் பெயர்த்தெடுத்தேன். இருபத்தைந்து ஆண்டுகளாக வெயில் காணாத அம்மண் கெட்டித்துக் கிடந்தது. கிளறி, மக்கிய எருவிட்டு, ஆடி பதினெட்டாம் நாள் விதைகளை ஊன்றினேன். மூன்று முளைத்தன. ஒன்றை நத்தை தின்றது. இரண்டு கொடிகள் பந்தலேறின. ஆவணி சென்றது, புரட்டாசி சென்றது, நான் பொறுத்திருந்தேன். கார்த்திகையில் ஒரு காலைப்பொழுது, பனியில் நனைந்த ஊதாப் பூங்கொத்து ஒன்று பந்தலின் மேல் நிமிர்ந்து நின்றது. முதற்காய்களை நான் பறிக்கவில்லை. அவை முற்றிக் காய்ந்தபின் விதையெடுத்து, மூன்று வீடுகளுக்குக் கொடுத்தேன். அவற்றுள் ஒன்று சென்னையில் ஐந்தாம் மாடியில் உள்ளது.

மாணவர்களே! நெல்லைப் பூட்டிவைத்துக் காக்கலாம்; பொன்னையும் பூட்டிவைத்துக் காக்கலாம். விதையைப் பூட்டிவைத்து நெடுங்காலம் காத்தல் அரிது. ஆண்டுதோறும் மண்ணில் இட்டும், பிறர் கையில் கொடுத்துமே அதனைக் காத்தல் கூடும். என் அன்னையார் கொடுத்த விதை ஏட்டறிவு மிக்க மகனிடத்தில் அழிந்தது. பெயரறியாத ஒரு வீட்டின் சாக்கில் பிழைத்தது.

உங்கள் வீட்டிற்குக் கொல்லை உண்டாயின் நன்று. இல்லையாயினும் ஒரு சட்டி மண்ணுக்கு இடமில்லாத வீடு இல்லை. வரும் ஆடியில் ஒரு விதையேனும் ஊன்றுங்கள். உங்கள் பாட்டியாரிடமும், பக்கத்து வீட்டு முதியோரிடமும் சென்று, அவர்கள் வழிவழியாய் வைத்துள்ள விதை எது, அதனை யாரிடமிருந்து பெற்றார்கள் என்று கேளுங்கள். கேட்டதை எழுதிவையுங்கள். பின்பு உங்களையும் உங்கள் தோட்டத்தையும் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். தோட்டம் சிறிது என்று நாணி, கதவோரமாக நிற்க வேண்டா.

பயிற்சி

1. ஒரே பாத்தியில் கத்தரியைத் தொடர்ந்து பயிரிடுவதால் விளையும் கேடு யாது? அதனை எங்ஙனம் தவிர்க்கலாம்?
2. மணல் நிலத்திற்கும் களி நிலத்திற்கும் நீர் விடும் முறையில் உள்ள வேறுபாட்டை விளக்குக.
3. மாடித் தோட்டத்துப் பரங்கியில் பிஞ்சுகள் நிலையாமைக்குக் காரணம் என்ன?
4. சிறுவனின் அவரைக்கொடி கார்த்திகைவரை பூவாதிருந்தது ஏன்?
5. 'நாளை நாம் கேட்பதற்கு ஒரு வீடு வேண்டாமா?' இக்கூற்றின் உண்மை ஆசிரியர் வாழ்வில் எவ்வாறு விளங்கிற்று?
6. உன் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வளரும் ஒரு காய்ச்செடியைப் பற்றி, அதன் விதை வந்த வழியையும் சேர்த்து, ஒரு பக்க அளவில் எழுதுக.